மூளையை அறியும் வழிகளும் நம் மொழியும்

இதயத்தின் துடிப்பை மார்பில் கை வைத்தே அறியலாம். நுரையீரலின் ஓசையை வைத்தியர் குழல் வைத்துக் கேட்கிறார். வயிற்றின் கோளாறு வயிற்றிலேயே தெரிந்துவிடுகிறது. மூளை மட்டும் ஓசையின்றி, அசைவின்றி, மண்டை ஓட்டின் கோட்டைக்குள் மறைந்திருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் என்றாலும், உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு சக்தியைக் கொண்டு அது என்ன செய்கிறது? நினைவு எங்கே தங்குகிறது? பேச்சு எங்கிருந்து எழுகிறது? பிறர் கண்ணுக்குப் புலப்படாத இந்தக் காரியங்களை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தார்கள்? இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பாடம் பயின்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி, மும்பையின் வட எல்லையில் உள்ள முலுண்டில் குடியிருப்பவன். மொழிபெயர்ப்பாளனுக்கு மூளை ஆராய்ச்சியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். மூளையை அறியும் வழிகளில் மிகப் பழையதும் இன்றும் மிகுதியாக வழங்குவதுமான வழி, கேள்வி கேட்டு விடை பெறுவது. கேள்வி என்றால் மொழி வேண்டும். தாய்மொழி வழங்காத மாநிலத்தில் முதுமை அடையும் நம் பெற்றோருக்கு இது வெறும் ஏட்டு விஷயமன்று. அதனால் இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கும் சிறிது உண்டு என்று கருதுகிறேன்.

முதல் வழி, கெட்டுப்போன இடத்தைக் கொண்டு அந்த இடத்தின் வேலையை அறிவது. ஒரு தெருவில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டால், எந்தக் கம்பி அறுந்தது என்று தேடுகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. பாரிஸ் நகரில் லபோர்ஞ் என்னும் நோயாளி ஒருவர் இருந்தார். பிறர் கூறுவது அவருக்கு விளங்கும். ஆனால் அவர் எதைச் சொல்ல முயன்றாலும் 'டான், டான்' என்னும் ஓசைதான் வாயிலிருந்து வரும். 1861-ஆம் ஆண்டு அவர் இறந்த பின், பால் புரோக்கா என்னும் மருத்துவ அறிஞர் அவருடைய மூளையைப் பரிசோதித்தார். இடப்புறத்து முன்பகுதியில் ஓரிடம் பழுதுபட்டிருந்ததைக் கண்டார். பேச்சை உருவாக்குவதற்கென மூளையில் தனி இடம் உண்டு என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது.

நினைவைப் பற்றிய அறிவும் இவ்வாறே கிடைத்தது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு மூளையின் இரு பக்கங்களிலும் உட்பகுதி ஒன்றை அறுத்து நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய செய்தி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. காலையில் சந்தித்தவரை மாலையில் அறியார். பிரெண்டா மில்னர் என்னும் ஆராய்ச்சியாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நட்சத்திர வடிவத்தின் கோடுகளைப் பென்சிலால் தொடர வேண்டும். மொலைசன் நாளுக்கு நாள் அதில் தேர்ச்சி பெற்றார். ஆயினும் ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்று அவர் எண்ணினார். கை கற்றுக்கொண்டதை மனம் அறியவில்லை. நினைவு ஒன்றன்று, பலவகைப்படும் என்பது ஒரு பென்சிலும் கண்ணாடியும் கொண்டு நிறுவப்பட்டது. மொலைசன் 2008-இல் காலமானார்.

நம் நாட்டவர் ஒருவருக்கும் இந்த வரலாற்றில் சிறப்பான இடம் உண்டு. பி.கே. ஆனந்த் என்னும் உடலியல் அறிஞர் அமெரிக்காவில் புரோபெக் என்பவரோடு சேர்ந்து எலிகளின் மூளையை ஆராய்ந்தார். ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில், இரு பக்கமும் மிகச் சிறிய ஓரிடத்தைச் செயலிழக்கச் செய்தால், எலி உணவைத் தொடுவதே இல்லை. பசி என்பது வயிற்றோடு நின்றுவிடும் விஷயமன்று, மூளையிலும் அதற்கொரு நிலையம் உண்டு என்பதை 1951-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். மனிதனிடம் வேண்டுமென்றே பழுது உண்டாக்கிப் பார்க்க முடியாது, கூடவும் கூடாது. விபத்தும் நோயும் தாமாக உண்டாக்கிய பழுதையே ஆராய முடியும். அவை ஆராய்ச்சியாளர் விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் நேர்வதில்லை. ஒரு நோயாளியிடம் கண்டதை எல்லோருக்கும் பொருத்துவதும் எளிதன்று.

இரண்டாவது வழி, மூளையின் மின்சாரத்தைக் கேட்பது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவது மின் துடிப்பாலும் இரசாயனப் பொருள்களாலும். ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1924-இல் தலையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, அந்த மெல்லிய மின்னலைகளை முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே, 1929-இல், அதை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்குப் பத்து என்ற அளவில் ஒழுங்கான அலைகள் தோன்றும். கண்ணைத் திறந்தாலோ, கருத்தை ஒன்றில் செலுத்தினாலோ அவை குலைந்துவிடும். அவற்றை ஆல்ஃபா அலைகள் என்பார்கள்.

இதே கருவியைக் கொண்டு தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்தும், சீனாவும், பல்தேவ் சிங்கும் யோகியர் சிலரைப் பரிசோதித்தனர். அதன் முடிவு 1961-இல் வெளியாயிற்று. தியானத்தில் அமர்ந்த யோகியரின் அருகே ஒளியையும் ஓசையையும் எழுப்பினார்கள். சாதாரண நிலையில் குலைந்துபோகும் ஆல்ஃபா அலைகள் தியான நிலையில் குலையாமல் நின்றன. இருவர் பனி போலக் குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை அமிழ்த்தியிருந்தும் அலை மாறவில்லை. புலன் அடக்கம் என்று நம் முன்னோர் கூறிய நிலைக்கு உடலில் ஓர் அடையாளம் கிடைத்தது என்று இதைக் கொள்ளலாம். ஆனால் சோதிக்கப்பட்டவர் ஒரு கை விரல்களில் எண்ணத் தக்கவர். நாலைந்து பேரிடம் கண்டது ஒரு நல்ல தொடக்கமே அன்றி முடிவாகாது. பெருமைக்குரிய செய்தியாயினும், அதன் அளவை அறிந்து பெருமை கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது வழி படம் பிடிப்பது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியிலுள்ள மருத்துவமனையில், உயிருள்ள ஒருவரின் மூளை சி.டி. முறையால் முதன்முதலாகப் படம் எடுக்கப்பட்டது. பின்னர், காந்தத்தின் துணையால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் வந்தது. 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானியான சேஜி ஒகாவா இரத்தத்தில் உயிர்வளியின் அளவு மாறுவதைக் காந்தப் படத்தில் காணலாம் என்று காட்டினார். மூளையில் எந்தப் பகுதி மிகுதியாக உழைக்கிறதோ, அங்கே இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. நாளேடுகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் காணும் மூளைப் படங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அந்த வண்ணம் மூளையில் இல்லை. இரத்த ஓட்டத்தின் மாறுதலைக் கணக்கிட்டு, நம் கண்ணுக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, கணிப்பொறி தீட்டிய வண்ணம் அது. எண்ணத்தையே படம் பிடித்துவிட்டார்கள் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். எங்கே உழைப்பு நடக்கிறது என்பது தெரிகிறது. அந்த மனிதர் என்ன எண்ணினார் என்பதை அவரிடம் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது.

இறந்த பின் தானமாகக் கிடைக்கும் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி ஆராயும் பணியும் இன்று புதிய வடிவம் பெற்றிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மூளைத் திசுக்களைச் சேமித்து வைக்கும் வங்கி ஒன்று 1995 முதல் இயங்கி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 தகடுகளாகப் படம் எடுத்து, 'தரணி' என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு அளித்தது. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் அதைக் கட்டணமின்றிக் காணலாம்.

பெரிய இயந்திரங்களைப் பற்றிக் கேட்டதும், பணம் படைத்த நாடுகள்தாம் இத்துறையில் எதையும் செய்ய முடியும் என்று தோன்றலாம். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கும் வி.எஸ். இராமச்சந்திரன், விபத்தில் கையிழந்தவர்களை ஆராய்ந்தார். கை இல்லாமற் போன பின்னும், கை இருப்பது போலவும் வலிப்பது போலவும் அவர்களுக்கு உணர்வு இருந்தது. இராமச்சந்திரன் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்து, ஒருவருடைய கண்ணை மூடச் செய்து, கன்னத்தில் மெல்லத் தொட்டார். கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரலையும் தொடுவதாக அவர் கூறினார். மூளையின் மேற்பரப்பில் உடலுக்கு ஒரு வரைபடம் உண்டு. கனடா நாட்டு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு முன்னரே அதை வரைந்து காட்டியிருந்தார். அந்த வரைபடத்தில் கைக்கு அடுத்த இடம் முகத்துக்கு உரியது. கையிலிருந்து செய்தி வராமல் வெறுமையான இடத்துக்குள் முகத்தின் செய்தி பரவிவிட்டது என்று அவர் விளக்கினார். வளர்ந்தவரின் மூளை மாறாது என்று நெடுங்காலம் நம்பியிருந்த உலகுக்கு இது பெரிய வியப்பு.

அதற்கடுத்து, ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி, இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன் வைத்து அசைத்தால், இல்லாத கையும் அசைவது போலப் பிம்பம் தெரியும். இறுகிப்போனதாகத் தோன்றிய கை விரிந்தது என்றும், வலி குறைந்தது என்றும் சிலர் கூறினர். 1990-களில் நடந்த இந்தச் சோதனைக்கு ஆன செலவு மிகச் சொற்பம். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை என்பதும் பின்னைய ஆய்வுகளில் தெரிந்தது. ஆயினும் விலை உயர்ந்த கருவியைக் காட்டிலும் கூரிய கேள்வி மேலானது என்னும் பாடம் நிலைத்து நிற்கிறது.

இனி, என் தொழிலோடு நெருங்கிய நான்காவது வழிக்கு வருகிறேன். அது கேள்வித்தாள். முதுமையில் வரும் மறதி நோயை அறிய, 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 30 மதிப்பெண் கொண்ட சிறு தேர்வு ஒன்றை வகுத்தார்கள். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், நான் சொல்லும் மூன்று சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், இந்த வரியைப் படித்து அதன்படி செய்யுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்த உருவத்தைப் பார்த்து வரையுங்கள் என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. பத்து நிமிடத்தில் முடியும் தேர்வு. உலகெங்கும் பரவிற்று.

இதைத் தமிழாக்கித் தருக என்று ஒருவர் என் மேஜையில் வைத்தால் நான் என்ன செய்வேன்? 'உலகு' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை எழுத்துத் தலைகீழாகக் கூறும்படி அதில் ஒரு கேள்வி உண்டு. ஆங்கிலம் படித்தவருக்குச் சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிப்பது பள்ளிப் பழக்கம். 'உலகம்' என்னும் சொல்லைத் தமிழர் எவரும் அவ்வாறு ஒப்பித்துப் பழகியதில்லை. மகரத்துக்குப் புள்ளி உண்டு என்று சொல்வதா, விடுவதா என்றே அவர் தயங்குவார். மற்றொரு கேள்வியில், பொருளற்ற சிறு இடைச்சொற்கள் அடுக்கிய ஆங்கிலத் தொடர் ஒன்றைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது நாக்குக்கும் கவனத்துக்கும் சோதனை. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் சொற்கள் வந்துவிடும், சோதனை போய்விடும். எந்தத் திறமையை அளக்கக் கேள்வி எழுந்ததோ, அதே திறமையை அதே அளவு கடினத்தில் அளக்கும் வேறொரு கேள்வியைத் தமிழிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே மொழிபெயர்ப்பாளன் மட்டும் போதான். மருத்துவரும், அந்த மக்களோடு பழகியவரும் உடன் அமர வேண்டும்.

அரியானா மாநிலத்து வல்லப்கட் கிராமப் பகுதியில் மேரி கங்குலியும் அவருடைய குழுவினரும் இவ்வாறே செய்தார்கள். அங்கிருந்த முதியோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அந்தத் தேர்வின் இந்தி வடிவம் 1995-இல் வெளியாயிற்று. படித்துச் செய்ய வேண்டிய கேள்விக்குப் பதிலாக, 'என்னைப் பாருங்கள், நான் செய்வது போலவே செய்யுங்கள்' என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்' என்றார்கள். ஆங்கில இடைச்சொல் தொடரின் இடத்தில் 'இதுவுமில்லை, அதுவுமில்லை' என்னும் பொருள்படும் இந்தித் தொடரை வைத்தார்கள். எழுத்தறியாமையை மறதி நோய் என்று தவறாக எண்ணும் ஆபத்து இவ்வாறு குறைந்தது. நம் தமிழ்நாட்டில் வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேக்கப் முதலானோர், சமூக ஊழியர்களே முதியோரைச் சோதித்தறியும் எளிய கருவிகளை உருவாக்கினார்கள். உலக நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி இல்லை என்பதைப் பெயரிலேயே சுட்டும் 'பத்து-அறுபத்தாறு' ஆய்வுக் குழு, 1998-இல் கொச்சியில்தான் தோன்றியது.

மும்பையில் இது எப்படி இருக்கிறது? முலுண்டில் எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. கணவர் காலமான பின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர். கேட்டதையே கேட்கிறார் என்று வீட்டார் கவலையுற்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மொழி தெரிந்தவன் என்பதால் என்னையும் உடன் வரச் சொன்னார்கள். அங்கே கேள்விகள் இந்தியில் வந்தன. மருமகள் தமிழில் சொன்னார். 'இன்னிக்கு என்ன தேதி அத்தை?' என்றார். அம்மையார், 'ஆடி பொறந்து பதினெட்டு ஆகலையே, நாளைக்குத்தான பெருக்கு?' என்றார். விடை சரியானதே. ஆனால் தாளில் அதற்கு இடமில்லை. 'நாம எங்க இருக்கோம், முலுண்டுதான?' என்று அடுத்த கேள்வியோடு விடையையும் மருமகள் சேர்த்தே கொடுத்துவிட்டார். அன்பினால் செய்தது அது. ஆயினும் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லாமற் போயிற்று. ஐந்து பக்க உருவத்தை வரையச் சொன்னபோது, 'பென்சில் பிடிச்சு எனக்குப் பழக்கமில்லையே' என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். மொத்தத்தில் மிகக் குறைந்த மதிப்பெண். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்கினார்கள்.

பின்னர், தமிழறிந்த உளவியலாளர் ஒருவர் ஒரு முற்பகல் முழுவதும் அவரோடு உட்கார்ந்தார். மாதம், கிழமை, ஊர், தெரு, வீட்டுச் செலவுக் கணக்கு யாவற்றுக்கும் அம்மையார் தயங்காமல் விடை சொன்னார். ஆனால் ஐந்து நிமிடங்களுக்கு முன் சொல்லிவைத்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அவருக்கு நினைவு வரவில்லை. குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. ஆக, நோயின் தொடக்கம் உண்மை. முற்றிய நோய் என்பது உண்மையன்று. சொந்த மொழியில் கேட்டதால் நோய் மறைந்துவிடவில்லை, அதன் சரியான அளவு தெரிந்தது. மருந்தும், வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளும் அந்த அளவைப் பொறுத்தவை. அம்மையார் இன்றும் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கோடு பிசகாமல் போடுகிறார். கோலம் போடுவது மருத்துவத் தேர்வாகிவிடும் என்று நான் கூறவில்லை. நலமுள்ள நூற்றுக்கணக்கானவரிடமும் நோயுற்ற நூற்றுக்கணக்கானவரிடமும் வைத்துப் பார்த்து, இவ்விரு சாராரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று அறிந்த பின்னரே எதையும் தேர்வு என்று சொல்லலாம். எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு மட்டுமே இதைச் சொன்னேன்.

ஐந்தாவது வழி, மக்கள் தொகையை எண்ணிப் பார்ப்பது. மும்பையில் 24,488 பேரை மூன்று கட்டங்களாகச் சோதித்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பேருக்கு மறதி நோய் இருப்பதாக அது கண்டது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வோ, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிட்டது. இடையில் காலம் மாறியது, இடமும் வேறு. அவற்றோடு தேர்வுக் கருவியும், எதை நோய் என்று கொள்வது என்னும் வரையறையும் வேறு. எனவே ஓர் எண்ணைக் கேட்டதும், அது எப்படி எடுத்த எண் என்றும் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

நம்மைப் போல் குடிபெயர்ந்தவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2007-இல் கனடா நாட்டு டொராண்டோவில், இரு மொழி பேசுவோருக்கு மறதி நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தோன்றுகிறது என்று பியாலிஸ்டாக் முதலானோர் கண்டார்கள். உடனே ஓர் ஐயம் எழுந்தது. அங்கே இரு மொழி பேசியவர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தாமதத்துக்குக் காரணம் மொழியா, குடிபெயர்ச்சியா? ஊர் விட்டு ஊர் போகிறவர் இயல்பிலேயே திடமுள்ளவராக இருக்கலாம் அல்லவா? இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தால் எது காரணம் என்று பிரித்தறிய இயலாது.

அவற்றைப் பிரிக்க உதவிய நகரம் ஹைதராபாத். அங்கே தெலுங்கும் உருதுவும் அருகருகே வாழ்கின்றன. ஊரை விட்டு நகராதவரும் இரண்டு மொழி பேசுவர். நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சுவர்ணா அல்லாடி முதலானோர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு மொழியாளர் 391 பேர். அவர்களுக்கு நோய் தோன்றிய வயது, ஒரு மொழியாளரைக் காட்டிலும் நான்கரை ஆண்டுகள் பிந்தியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இந்த வேறுபாடு இருந்ததால், கல்வியே காரணம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகள் அறிந்தவருக்குக் கூடுதல் பலன் ஏதும் காணப்படவில்லை. வீட்டில் தமிழ், கடையில் மராத்தி, இரயிலில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நான்கு மொழியில் புழங்கும் மும்பைத் தமிழர் இதைக் கேட்டுச் சற்று ஏமாற்றம் அடையலாம்!

மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் வேண்டும். இது மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வு. வராதவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அது சொல்லாது. நலமுள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆதலால், நலமுள்ளவர்களை ஆண்டுக்காண்டு மீண்டும் மீண்டும் சந்திக்கும் நெடுங்கால ஆய்வு தேவையாகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த கிராம மக்களிடம் அத்தகைய ஆய்வை நடத்தி வருகிறது. பொறுமை மிகுதியாக வேண்டிய பணி அது. பலன், ஆய்வைத் தொடங்கியவர்களின் முதுமையில் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

நேயர்களே, ஐந்து வழிகளைப் பார்த்தோம். பழுதைக் காண்பது, மின்னலையைக் கேட்பது, படம் எடுப்பது, கேள்வி கேட்பது, பலரை எண்ணிப் பார்ப்பது. ஒன்று காட்டாததை மற்றொன்று காட்டுகிறது. எந்த ஒன்றும் தனித்து நின்று முழு உண்மையையும் சொல்வதில்லை.

வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்கு இவற்றிலிருந்து சில கருத்துகள் பயன்படும். பெற்றோரின் மறதி பற்றி மருத்துவரிடம் செல்லும்போது, அவர்களுடைய தாய்மொழி என்ன, எத்தனை ஆண்டு படித்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தமிழ் அறிந்தவரைக் கொண்டு தேர்வு நடத்த முடியுமா என்று கேளுங்கள். மாதுங்கா, தாராவி, செம்பூர், முலுண்டு என நம்மவர் பரவி வாழும் இந்நகரில் அப்படி ஒருவரைத் தேடிக் காண்பது முடியாத காரியமன்று. நீங்களே பெயர்த்துச் சொல்ல நேர்ந்தால், கேட்டதை மட்டும் சொல்லுங்கள். விடையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் உடன் இருக்கட்டும். காது கேளாததை மறதி என்று எண்ணிவிடுவது உண்டு. இந்த மாறுதல் எப்போது தொடங்கியது, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய இயலவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உடனிருந்து பார்த்தவரின் சாட்சியத்தை மருத்துவர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். ஒரே நாளின் மதிப்பெண்ணைக் கொண்டு மனம் தளர வேண்டாம். சில மாதங்கள் கழித்து, அதே மொழியில், அதே முறையில் மீண்டும் எடுக்கும் தேர்வு அதைவிடத் தெளிவாகப் பேசும். வயதானால் மறதி இயல்புதானே என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். உடலில் சில சத்துகள் குறைவதாலும், தைராய்டுக் கோளாறாலும், மனச்சோர்வாலும் வரும் மறதியைச் சிகிச்சையால் சீர்ப்படுத்த வழியுண்டு.

மருத்துவ நிறுவனங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பல மொழியினர் வாழும் நகரில், ஒரே மொழியின் கேள்வித்தாள் எல்லோருக்கும் நீதி செய்யாது. படம் எடுக்கும் இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறோம். அதில் மிகச் சிறிய பங்கைச் செலவிட்டால், தமிழிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் முறையாகச் சோதித்து அமைத்த தேர்வுகளையும், அவற்றை நடத்தப் பயிற்சி பெற்றவர்களையும் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் வைத்திருக்கலாம்.